ஏணி பிடிக்கும் பையன்

உங்கள் வீட்டில் ஒரு நாள் காலை, இட்டிலிக்கு மாவு பாதி அரைபட்டுக் கொண்டிருக்கும்போதே கிரைண்டர் நின்று விடுகிறது. கூடத்து மின்விசிறியும் கூடவே நின்று விடுகிறது. ஸ்விட்சுப் பலகையிலிருந்து லேசாகக் கருகல் வாசனை வருகிறது. என்ன செய்வீர்கள்? மாவைக் கையால் தள்ளிக் கொண்டே, எலெக்ட்ரீஷியனுக்குப் போன் செய்யச் சொல்லிக் கத்துவீர்கள்.

அவரும் வருகிறார். அவருக்குப் பின்னால், தோளில் ஓர் அலுமினிய ஏணியும் கையில் அழுக்குப் பையுமாக இன்னொருவன் வருகிறான். பதினேழு, பதினெட்டு வயசு இருக்கும். அவனை நீங்கள் சரியாகப் பார்த்ததே இல்லை. பார்க்க என்ன இருக்கிறது? அவன் ஏணி பிடிக்கிறான். "டெஸ்டர்" என்றால் டெஸ்டரை எடுத்துக் கொடுக்கிறான். "கட்டிங் பிளேயர்" என்றால் அதை எடுத்துக் கொடுக்கிறான். வேலை முடிந்ததும் தரையில் விழுந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டு போய் விடுகிறான்.

அடுத்த தடவை அவன் வரும்போது, ஒரு டம்ளர் காப்பியைக் கொடுத்து, "எத்தனை வருஷமாக இந்த வேலைக்கு வருகிறாய், தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள்.

"மூணு வருஷமாச்சும்மா."

"என்னவெல்லாம் கற்றுக் கொண்டாய்?"

பையன் கொஞ்சம் யோசிப்பான். "சுவர் வெட்டுவேன், பைப் புதைப்பேன்" என்பான். பிறகு, மேஸ்திரி காதில் விழுகிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்து விட்டு, "கனெக்‌ஷன் எல்லாம் அவர்தாம்மா கொடுப்பார்" என்பான்.

மூன்று வருஷம்! ஐ.டி.ஐ. என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தொழிற் பயிற்சி நிலையத்தில் எலெக்ட்ரீஷியன் படிப்பு முழுவதுமே இரண்டு வருஷந்தான். கம்பி இணைப்பதில் ஆரம்பித்து, வீட்டு வயரிங், எர்த் போடுதல், மீட்டர்கள், மோட்டார், மோட்டாருக்குக் கம்பி சுற்றுதல், டிரான்ஸ்பார்மர் வரையில் அந்த இரண்டு வருஷத்துக்குள் சொல்லிக் கொடுத்து விடுகிறார்கள். இந்தப் பிள்ளையோ மூன்று வருஷமாகச் சுவர் வெட்டிக் கொண்டிருக்கிறான்.

இது யாரோ ஒரு பிள்ளையின் சங்கதி என்று நினைத்து விடாதீர்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாள் ஒரு நாள் தயங்கித் தயங்கி உங்களிடம் கேட்கிறாள்: "அம்மா, எம் பையன் பத்தாவது பாஸ் பண்ணிட்டான். எலெக்ட்ரிக் வேலைன்னா உசிரை விடறான். யாராவது நல்லபடியாக் கத்துக் கொடுக்கிற இடமாப் பார்த்துச் சொல்லுங்களேன்." உங்கள் சொந்த அக்காள் பிள்ளைக்காகவும் இதே கேள்வி வரலாம். உங்கள் பெண்ணே வந்து கேட்டாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அப்போது "யாரையாவது விசாரிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பி விடாமல், உருப்படியாக நாலு வார்த்தை சொல்லத் தெரிய வேண்டுமல்லவா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் கற்றுக் கொடுப்பதில்லை?

முதலில் மேஸ்திரியின் பக்கத்தையும் கேட்டு விடுவோம். அவரும் பாவம், கொடுமைக்காரர் அல்ல. "கற்றுக் கொடுத்தால் ஆறு மாசத்தில் வேறு இடத்துக்குப் போய் விடுவான். இல்லாவிட்டால் என் எதிரிலேயே கடை போடுவான்" என்று அவருக்குப் பயம். "ஒரு வீட்டு வேலையை இன்றைக்கே முடித்தாக வேண்டும். இவனுக்கு விளக்கிக் கொண்டிருந்தால் இரண்டு நாளாகும். அந்த இரண்டாவது நாள் கூலியை யார் கொடுப்பார்கள்?" என்பது அவர் கணக்கு. எல்லாவற்றிற்கும் மேலாக, மின்சாரம் விளையாட்டுப் பொருள் அல்ல. தச்சு வேலையில் தப்பினால் ஒரு பலகை வீணாகும். இதில் தப்பினால் ஓர் உயிர் போகும். "எதற்கு வம்பு? ஏணியைப் பிடித்துக் கொண்டு நிற்கட்டும்" என்று விட்டு விடுகிறார்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கற்றுக் கொடுக்காத பையனுக்குத்தான் ஆபத்து அதிகம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். மனித உடம்பைக் கொல்வதற்கு ஓர் ஆம்பியர் கூட வேண்டியதில்லை. அதில் சிறு பங்கே போதும். அதனால்தான் ஆர்.சி.சி.பி. என்னும் உயிர் காக்கும் கருவியை, ஓர் ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு, அதாவது 30 மில்லி ஆம்பியர், கசிந்தாலே விழுந்து விடும்படி வீடுகளுக்குச் செய்திருக்கிறார்கள். எந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கிறது, எதில் இல்லை என்று அறியாத பிள்ளையை அந்தக் கம்பிகளுக்கு நடுவே தினமும் நிறுத்தி வைப்பது என்ன நியாயம்?

பைகாராவில் 1932-ஆம் வருஷமும், மேட்டூரில் 1937-ஆம் வருஷமும் நீரிலிருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்த பிறகு, கோவையில் ஆலைகள் பெருகின. மோட்டார், பம்பு செய்யும் பட்டறைகள் தோன்றின. ஐ.டி.ஐ. என்ற பயிற்சித் திட்டமே 1950-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் தொழில் கற்றவர்கள் பெரும்பாலும் பட்டறையில் எடுபிடியாக நின்றே கற்றார்கள். ஆகவே எடுபிடியாக நிற்பது இழிவல்ல. நிற்கிற இடத்தில் பாடம் நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

பாடம் நடத்தும் முதலாளி என்று ஒருவர் உண்டா என்று கேட்கிறீர்களா? உண்டு. அவரை உண்டாக்குவதற்கென்றே ஒரு சட்டமும் இருக்கிறது. 1961-ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம் என்று பெயர். 'அப்ரண்டிஸ் சட்டம்' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

இந்தச் சட்டத்தின் கீழ் 2019-இல் திருத்திய விதிகள் என்ன சொல்கின்றன, தெரியுமா? முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனம் எதுவானாலும், தன் ஆட்களின் எண்ணிக்கையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரையில் பழகுநர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தாக வேண்டும். காண்டிராக்டு ஆட்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. இருநூறு பேர் வேலை செய்கிற ஆஸ்பத்திரி ஒன்று இருந்தால், எல்லாத் தொழில்களுக்கும் சேர்த்துக் குறைந்தது ஐந்து பேரை எடுக்க வேண்டும். முப்பது பேர் வரை எடுக்கலாம். நாலு பேர் முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ள சிறு நிறுவனங்களுக்குக் கட்டாயமில்லை. ஆனால் விரும்பினால் அவையும் எடுக்கலாம்.

பழகுநருக்கு மாத உதவித் தொகை உண்டு. அதே 2019-ஆம் வருஷத்து விதிகள் வகுத்த குறைந்தபட்சத் தொகை, பத்தாவது தேறியவனுக்கு 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. சான்று பெற்றவனுக்கு 7,000 ரூபாய். டிப்ளமா பெற்றவனுக்கு 8,000 ரூபாய். இந்தத் தொகைகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. சேருகிற நாளில் நடைமுறையில் இருக்கும் தொகை என்ன என்று கேட்டு வைத்துக் கொள்வது நல்லது. 2016-இல் மத்திய அரசு தொடங்கிய ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித் தொகையில் நாலில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், சர்க்காரே ஏற்றுக் கொள்ள ஏற்பாடு செய்தார்கள். "பையனை வைத்துக் கொண்டால் எனக்குச் செலவு" என்று சொல்லும் முதலாளிக்கு இந்தச் செய்தியை நீங்கள் பணிவாக எடுத்துச் சொல்லலாம்!

இன்னும் சில விஷயங்களைத் தாய்மார்கள் முக்கியமாகத் தெரிந்து கொள்ள வேண்டும். பயிற்சிக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் உண்டு. பையன் மைனராக இருந்தால் அவன் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். "இத்தனை வேலை முடித்தால் இத்தனை காசு" என்று பழகுநருக்குப் பீஸ் கணக்கில் கூலி கொடுக்கக் கூடாது. அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. பயிற்சியின்போது அடிபட்டால் நஷ்ட ஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது.

அதே சமயம் இதையும் ஒளிக்காமல் சொல்லி விட வேண்டும்: பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்துவதில்லை. பழகுநன் தொழிலாளி அல்ல, மாணவன். அவன் வெளியே எடுத்து வருவது கைத்திறனும் சான்றிதழுந்தான். அவை இரண்டும் இருந்தால் பிறகு அவன் ஏணி பிடிக்க வேண்டியதில்லை.

எங்கே தேடுவது?

பெரிய இடங்களிலிருந்து ஆரம்பிப்போம். பெரம்பூரில் 1955-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி திறந்த ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறதே, அங்கே பழகுநர்களைச் சேர்க்கிறார்கள். எலெக்ட்ரீஷியன் பிரிவும் அதில் உண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் மட்டும் அல்ல, பத்தாவது தேறிய புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். தென்னக ரயில்வேயின் பெரம்பூர், பொன்மலை, போத்தனூர்ப் பட்டறைகளிலும் பழகுநர்களைச் சேர்க்கிறார்கள். ரயில்வேயில் சிபாரிசு பிடிக்க அலைய வேண்டாம். பரீட்சை மார்க்கை வைத்தே வரிசைப்படுத்தி எடுக்கிறார்கள். ரயில்வே பட்டறையில் பழகுநராகப் பயிற்சி முடித்தவர்களுக்கு, ரயில்வேயின் கடைநிலைப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடம் தனியாக ஒதுக்கியும் இருக்கிறார்கள். திருச்சி பெல் தொழிற்சாலையும் நெய்வேலி நிறுவனமும் கூட எலெக்ட்ரீஷியன் பழகுநர்களைச் சேர்க்கின்றன. இவற்றின் அறிவிப்புகள் பத்திரிகைகளிலும், அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலும் வரும். வயது வரம்பும் கடைசித் தேதியும் கண்டிப்பானவை. தவற விட்டால் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தப் பெரிய இடங்களில் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். நம் கண்ணுக்கு எதிரிலேயே, நாம் கவனிக்காத பள்ளிக்கூடங்கள் பல இருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரியை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே தனியாக டிரான்ஸ்பார்மர் இருக்கும், ஜெனரேட்டர் இருக்கும், ஆபரேஷன் நடக்கும்போது விளக்கு அணையாமல் காக்கும் யு.பி.எஸ். இருக்கும், லிப்ட் இருக்கும், ஏர்கண்டிஷன் இருக்கும். இவ்வளவையும் இராப் பகலாகப் பார்த்துக் கொள்ள ஒரு மின்சாரப் பகுதியே இருக்கும். ஒரு வருஷம் அங்கே நின்றவன் பத்து வருஷம் வீடு வீடாகப் போனவன் பார்க்காததைப் பார்த்து விடுவான். பெரிய ஹோட்டல்கள், நூற்பாலைகள், கோவையின் மோட்டார்த் தொழிற்சாலைகள், அம்பத்தூர், ஒசூர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஆகியவையும் இப்படித்தான்.

இவற்றில் எவை ஆள் எடுக்கின்றன என்று எப்படித் தெரிந்து கொள்வது? மத்திய அரசு நடத்தும் பழகுநர் இணையதளத்தில் பையன் தன் பெயரைப் பதிவு செய்து கொள்ளலாம். எந்த நிறுவனத்தில் என்ன இடம் காலி என்று அதிலேயே பார்க்கலாம். இணையதளம் பிடிபடவில்லை என்றால் உங்கள் மாவட்டத்துத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு நேரே போங்கள். அல்லது பக்கத்தில் உள்ள அரசினர் ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள். பல நிறுவனங்களை ஒரே இடத்துக்கு வரவழைத்து நடத்தும் பழகுநர் சேர்க்கை முகாம்களின் தேதி அவர்களுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. "அப்ரண்டிஸ் இடம் வாங்கித் தருகிறேன், இருபதாயிரம் கொடுங்கள்" என்று எவராவது வந்தால், வாசற்படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பி விடுங்கள். பயிற்சி கொடுக்கிறவர் பணம் கொடுக்க வேண்டுமே தவிர, வாங்கக் கூடாது. பெரம்பூர்த் தொழிற்சாலை விண்ணப்பத்துக்கு வாங்கி வந்த கட்டணமே நூறு ரூபாய்தான். பெண்களுக்கு அதுவும் கிடையாது.

எப்படிக் கேட்பது?

பக்கத்துத் தெருவில் ஒரு நல்ல காண்டிராக்டர் இருக்கிறார், பத்துப் பேரை வைத்துக் கொண்டு வேலை செய்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவரிடம் பையனை எப்படி அனுப்புவது?

காலை எட்டரை மணிக்கு அனுப்பாதீர்கள். அந்த நேரத்தில் எந்த ஆள் எந்த வீட்டுக்கு என்று பிரித்துக் கொண்டிருப்பார். ஒரு கையில் போன், மறு கையில் காப்பி. "அப்புறம் வா" என்றுதான் சொல்வார். சாயங்காலம் வேலை முடிந்து கணக்குப் பார்க்கும் வேளையில் போகட்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் நகலை எடுத்துப் போகட்டும்.

"வேலை இருக்கா சார்?" என்று கேட்டால் "இல்லை" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்து விடும். அப்படிக் கேட்க வேண்டாம். "ஐயா, எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக் கொள்ள ஆசை. எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன். உங்களிடம் முதல் வருஷம் என்ன கற்றுக் கொள்ளலாம், இரண்டாவது வருஷம் என்ன கற்றுக் கொள்ளலாம் என்று தெரிந்து கொள்ள வந்தேன்" என்று கேட்கட்டும். இந்தக் கேள்விக்கு ஒருவர் சொல்லும் பதிலிலேயே அவர் எப்படிப்பட்டவர் என்று பாதி தெரிந்து விடும். "அதெல்லாம் போகப் போகத் தெரியும்" என்றால், போகப் போக ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். "முதல் ஆறு மாசம் பைப்பும் பெட்டியும், பிறகு கம்பி இழுப்பது, ஒரு வருஷம் ஆன பிறகு என் எதிரில் போர்டு கட்டலாம்" என்று படிப்படியாகச் சொல்லுகிறாரா? அவரை விடாதீர்கள்!

நல்ல முதலாளிக்கு அடையாளம்

பெண் கொடுப்பதற்கு முன்னால் நாலு இடம் விசாரிக்கிறோம் அல்லவா? பிள்ளையைத் தொழிலுக்குக் கொடுப்பதற்கு முன்னாலும் விசாரிக்கத்தான் வேண்டும். மின்சார சாஸ்திரம் படிக்காதவர்கள் கூடக் கண்டுபிடிக்கக் கூடிய அடையாளங்கள் இருக்கின்றன.

முதல் அடையாளம், ஏணி. ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தப் பையன் தோளில் இருந்த அலுமினிய ஏணி, அது மின்சார வேலைக்கு ஆகாது. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். மர ஏணியோ, பைபர் ஏணியோதான் வேண்டும். ஆட்களுக்கு அலுமினிய ஏணியைக் கொடுத்து அனுப்புகிற முதலாளி, உங்கள் பிள்ளைக்கு மட்டும் தனியாக என்ன அக்கறை காட்டப் போகிறார்?

இரண்டாவது, மெயின். வேலை ஆரம்பிக்கும் முன் அவர்கள் மெயினை அணைக்கிறார்களா? அணைத்தால் மட்டும் போதாது. வேறு யாரும் தெரியாமல் போட்டு விடாதபடி பூட்டியோ, ஓர் அட்டையை மாட்டியோ வைக்கிறார்களா? பிறகு, மின்சாரம் இருக்கிற ஓர் இடத்தில் சோதனைக் கருவியை வைத்துப் பார்த்து, அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று நிச்சயப்படுத்திக் கொண்ட பிறகு, கை வைக்கப் போகிற கம்பியில் வைத்துப் பார்க்கிறார்களா? கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது. மின்சாரம் இல்லாத கம்பியிலும் டெஸ்டர் எரியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் கை வைப்பது சூதாட்டம்.

மூன்றாவது, லைசென்ஸ். மின் வேலைகளை லைசென்ஸ் பெற்ற காண்டிராக்டர்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். லைசென்ஸைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்லவர்கள் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள்.

நாலாவது, பழைய பிள்ளைகள். "உங்களிடம் கற்றுக் கொண்டவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். "ஒருவன் துபாயில் இருக்கிறான், ஒருவன் சொந்தமாகச் செய்கிறான்" என்று சந்தோஷத்துடன் சொல்லுகிறவரிடம் பிள்ளையைக் கண்ணை மூடிக் கொண்டு விடலாம். "எல்லாரும் நன்றி கெட்டவர்கள்" என்று ஆரம்பித்தால் யோசிக்க வேண்டியதுதான்.

ஐந்தாவது, ஒரிஜினல் சர்ட்டிபிகேட். "வாங்கி வைத்துக் கொள்கிறேன், போகும்போது தருகிறேன்" என்றால் கொடுக்காதீர்கள். சரிபார்த்து விட்டு அப்போதே திருப்பித் தந்து விட வேண்டும். பிள்ளையை அடகு வைக்க நாம் போகவில்லை.

காகிதமும் கையும்

"கை வேலை தெரிந்தால் போதாதா? காகிதம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. காகிதம் இல்லாத கைக்குப் பாதிக் கூலிதான் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். லைசென்ஸ் எடுக்கவும், தொழிற்சாலைக்குள் நுழையவும், கடல் கடக்கவும் சான்று வேண்டும்.

மின் வேலை படிக்க ஐ.டி.ஐ.யில் இரண்டு வழிகள் உண்டு. எலெக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். வயர்மேன் என்னும் கம்பியாள் பிரிவுக்கு எட்டாவது தேறியிருந்தாலே போதும் என்று வைத்திருக்கிறார்கள். அரசினர் ஐ.டி.ஐ.க்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேற்கொண்டு படிக்கும் பெண்களுக்காக 2022-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டமும், பையன்களுக்காக 2024-இல் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும், மாதம் ஆயிரம் ரூபாய் உதவித் தொகையை ஐ.டி.ஐ.யில் படிப்பவர்களுக்கும் சேர்த்தே அறிவித்தன.

ஐ.டி.ஐ.க்கே போகாமல் மேஸ்திரியிடம் நின்று தொழில் கற்றவனுக்குக் கதவு அடைந்து விட்டதா? இல்லை. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை நம் மாநிலத்து வேலைவாய்ப்பு, பயிற்சித் துறை நடத்தி வருகிறது. வயரிங் வேலையில் ஐந்து வருஷத்து அனுபவமும், இருபத்தொரு வயதும் உள்ளவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த ஐந்து வருஷத்தை எழுத்தில் காட்ட வேண்டுமே! அங்கேதான் ஏணி பிடித்த பிள்ளைகள் அகப்பட்டுக் கொள்கிறார்கள். மூன்று மேஸ்திரிகளிடம் ஐந்து வருஷம் உழைத்திருப்பான். ஒரு துண்டுக் காகிதம் கூட இராது. ஆகையால் ஒரு யோசனை: வருஷம் முடிந்ததும், "இந்தப் பையன் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்னிடம் வயரிங் வேலை கற்றான்" என்று லைசென்ஸ் உள்ள காண்டிராக்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக் கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கேட்க வெட்கமாக இருந்தால் தாயார் கேட்கட்டும்.

சென்னைவாசிகளுக்கு இதில் ஒரு சௌகரியம். 1958-இல் ஆரம்பித்த கிண்டித் தொழிற்பேட்டையிலேயே மின் உரிமம் வழங்கும் வாரியமும் இருக்கிறது. வேலைவாய்ப்பு, பயிற்சித் துறையின் தலைமை அலுவலகமும் இருக்கிறது. ஒரு நாள் பஸ் ஏறிப் போனால் இரண்டு இடத்திலும் விசாரித்து விட்டு வந்து விடலாம்.

பெண்ணுக்கு இந்த வேலையா?

"பையன்களைப் பற்றியே பேசிக் கொண்டு போகிறீர்களே, எங்கள் பெண்?" என்று கேட்கும் சகோதரிகளுக்கும் பதில் உண்டு. பழகுநர் சட்டம் ஆண் என்றும் பெண் என்றும் பிரிக்கவில்லை. கிண்டியில் மகளிருக்கென்றே அரசினர் ஐ.டி.ஐ. ஒன்று இருக்கிறது. அரசினர் ஐ.டி.ஐ.க்களில் பெண்கள் சேர உச்ச வயது வரம்பு வைக்கவில்லை. கலியாணம் ஆகி, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு படிக்க நினைக்கிறவளுக்குக் கூட இடம் உண்டு என்பது இதன் அர்த்தம்.

இன்னொரு விஷயத்தையும் நினைத்துப் பாருங்கள். மத்தியான வேளையில், வீட்டில் நீங்கள் தனியாக இருக்கும்போது சமையலறை ஸ்விட்சு பழுதாகி விடுகிறது. முன்பின் தெரியாத இரண்டு ஆண்களை உள்ளே விடத் தயங்கி, சாயங்காலம் வரையில் காத்திருந்ததில்லையா? கதவைத் தட்டுகிறவள் கையில் டெஸ்டருடன் ஒரு பெண்ணாக இருந்தால் எவ்வளவு நிம்மதி! அந்த நிம்மதிக்குக் காசு கொடுக்க எத்தனையோ வீடுகள் தயாராக இருக்கும்.

சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை பெண்ணுக்குச் சில அதிகம். வேலை இடத்தில் கழிப்பறை வசதி உண்டா, எத்தனை மணிக்கு அனுப்புவார்கள், வேறு பெண்கள் உண்டா, வெளி வேலைக்குத் தனியாக அனுப்புவார்களா என்பவற்றைக் கூச்சப்படாமல் கேட்டு விட வேண்டும். ஒழுங்கான இடத்தில் ஒழுங்கான பதில் வரும்.

உங்கள் கையிலும் இருக்கிறது

கடைசியாக ஒரு வார்த்தை. பயிற்சி கொடுக்கும் முதலாளியைத் தேடுவது பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். உண்மையில் வீட்டு வயரிங்குக்குப் பணம் கொடுக்கிறவர் நீங்கள். ஏணி பிடிக்கும் பையனுக்கு நீங்களும் ஒரு வகையில் முதலாளிதான்.

ஆகவே அடுத்த தடவை வேலைக்கு ஆள் கூப்பிடும்போது, "யார் மலிவு?" என்பதோடு, "லைசென்ஸ் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். வந்தவருடன் பதினாலு வயதுகூட நிரம்பாத குழந்தை வந்தால், அந்த வேலையே வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள். அவனை வேலைக்கு வைப்பதைச் சட்டமே தடுக்கிறது. அலுமினிய ஏணியைக் கண்டால், "எங்கள் வீட்டில் இது வேண்டாம், மர ஏணி கொண்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். மெயினை அணைக்காமல் ஆரம்பித்தால், "பரவாயில்லை, அரை மணி நேரம் மின்விசிறி இல்லாமல் இருக்கிறோம், அணைத்து விட்டே செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். அந்த அரை மணி வியர்வையில் ஒரு பிள்ளையின் உயிர் அடங்கியிருக்கலாம்.

வேலை முடியும் தறுவாயில், கடைசி ஸ்விட்சை மாட்டும்போது, மேஸ்திரியிடம் சொல்லிப் பாருங்கள்: "எங்களுக்கு ஒன்றும் அவசரம் இல்லை. இந்த ஒன்றைத் தம்பி போடட்டுமே! நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்."

மேஸ்திரி சிரிப்பார். ஒருவேளை முதல் தடவை மாட்டேன் என்று கூடச் சொல்லலாம். இரண்டாவது தடவை திருப்புளியை அவனிடம் நீட்டுவார். பையன் கை கொஞ்சம் நடுங்கும். சிவப்புக் கம்பி எது, கறுப்புக் கம்பி எது, பச்சைக் கம்பி எது என்று பார்த்துப் பார்த்து முடுக்குவான். பிறகு மெயினைப் போட்டு, ஸ்விட்சைத் தட்டுவான்.

விளக்கு எரியும். அப்போது விளக்கைப் பார்க்க வேண்டாம். அவன் முகத்தைப் பாருங்கள்.